சிறைப் பார்வையாளர் கூடத்தில் இன்னொரு பலகை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைகளின் இடநெருக்கடி பற்றித் தங்கள் இதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டவை சரியே. ஆனால் உள்ளே இருப்பவனுக்கு ஒரு நாள் நல்லபடியாகக் கழிகிறதா இல்லையா என்பது, அறையின் நீள அகலத்தைக் காட்டிலும், அந்த அறையைத் திறந்து பூட்டுகிற காவலரின் நடத்தையைப் பொறுத்தது. எட்டு மாத காலம் சிறை வாசலில் காத்துக் கிடந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மகன் ஒரு வழக்கில் விசாரணைச் சிறைவாசியாக எட்டு மாதம் இருந்தான். பிறகு நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விடுவித்தது. தம்பிக்கு நடமாட முடியாத நிலை. ஆகையால் மனு போட்டு அவனைப் பார்த்துவரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எந்தச் சிறை என்று சொல்லப்போவதில்லை. ஒரு சிறையைச் சுட்டிக்காட்டிவிட்டு மற்றவற்றைத் தப்பவிடுவது என் நோக்கமன்று.

அங்கே பார்வையாளர் காத்திருக்கும் கூடத்தில், நுழைந்ததும் கண்ணில் படும்படி ஒரு பெரிய பலகை இருந்தது. செல்போன் கூடாது, பீடி, சிகரெட், தீப்பெட்டி கூடாது, சமைத்த உணவு கூடாது, காவலருடன் வாக்குவாதம் செய்தால் அனுமதி ரத்தாகும் என்று பார்வையாளருக்கான விதிகள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஆசிரியர் வேலை பார்த்தவன், எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. காத்திருந்த ஒவ்வொரு முறையும் அதைப் படித்தேன். மூன்றாம் மாதத்தில் ஒரு நாள் பழமும் பிஸ்கட்டும் வைத்திருந்த என் பையை உள்ளே அனுப்ப ஒரு காவலர் 300 ரூபாய் கேட்டார். மிரட்டவில்லை, பேருந்தில் நடத்துநர் டிக்கெட்டுக்குக் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற ஒரு மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுருண்டு கிடந்த நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக நீவி எடுத்து அவரிடம் நீட்டினார். நானும் கொடுத்தேன். மறுத்துப் பேசியிருக்கலாமே என்று படிப்பவர்கள் நினைக்கலாம். பேசுவது நானாக இருந்தாலும் அதன் பலன் உள்ளே இருக்கிற பிள்ளையின் தலையில் அல்லவா விடியும்?

வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சிறைகளை நடத்த நம் மாநிலத்தில் அடிப்படையாக இருப்பது 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். அதன் 9ஆவது பிரிவு, சிறை அலுவலர் எவரும் நேரடியாகவோ பிறர் மூலமாகவோ சிறைவாசியிடம் எந்தப் பொருளும் விற்கக் கூடாது, பணம் சம்பந்தமான எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. 54ஆவது பிரிவு, கடமை தவறும் சிறை அலுவலருக்கும் அவருக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் தண்டனை சொல்கிறது: அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதச் சிறை, அல்லது இரண்டும். என்னிடம் வாங்கப்பட்ட தொகை அந்த அபராதத்தைவிட நூறு ரூபாய் அதிகம். லஞ்ச ஒழிப்புச் சட்டம் தனியாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் சிறைக்கென்றே எழுதப்பட்ட சட்டத்தில் நூற்று முப்பது ஆண்டுகளாக அந்த 200 அப்படியே நிற்கிறது. மத்திய உள்துறை 2023இல் சிறைகளுக்கான மாதிரிச் சட்டம் ஒன்றைத் தயாரித்து மாநிலங்களுக்கு அனுப்பியிருக்கிறது. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள துறையாதலால், சட்டத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு நம் சட்டமன்றத்துக்கே உரியது.

திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா என்பவர், பார்க்க வரும் உறவினர்களிடம் பணம் கறப்பதற்காகச் சக சிறைவாசி ஒருவரைச் சிறைக் காவலர் (வார்டர்) கொடூரமாகத் தாக்கினார் என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பில், சிறைக்குள் குறைதீர்ப்புப் பெட்டிகள் வைக்க வேண்டும், நீதிபதிகள் சிறைக்கு நேரில் சென்று சிறைவாசிகளின் குறைகளைக் கேட்க வேண்டும், சிறைவாசிகளின் உரிமைகளைச் சொல்லும் கையேடு அவர்களிடம் சேர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிடப்பட்டது. நான் போய்வந்த எட்டு மாதத்தில் அப்படியொரு கையேட்டைப் பார்த்ததாக என் தம்பி மகனும் சொல்லவில்லை, அவனுடன் இருந்தவர்களின் வீட்டாரும் சொல்லவில்லை.

காவலர்களை மொத்தமாகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சிறையில் ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு தலைமைக் காவலர் இருந்தார். கம்பி வலைக்கு இருபுறமும் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசும் இடத்தில், காது கேளாத ஒரு தகப்பனார் மகன் பேசுவது புரியாமல் திகைத்து நின்றதைக் கண்டு, அவரைக் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய், மகன் சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாகக் கேட்டு அவர் காதருகில் உரக்கச் சொன்னார். எந்தச் சுற்றறிக்கையும் அவரை அப்படிச் செய்யச் சொல்லியிருக்காது. சிறைப் பணியாளர் தம் நடத்தையாலேயே சிறைவாசிகளுக்கு நல்ல முன்மாதிரியாக இருந்து அவர்களின் மதிப்பைப் பெற வேண்டும் என்று, சிறைவாசிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 77ஆவது விதி கூறுகிறது. அதைப் படித்தபோது அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் அவரிடம் விதிப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். "பயிற்சியில பார்த்ததுதான் சார், அப்புறம் கையில தொட்டதில்ல" என்றார். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவருக்கு அதைத் தேடிப்போய்ப் படிக்க நேரமேது? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுவதும் சிறைப் பணியிடங்களில் பத்துக்கு மூன்று காலி. சிறைவாசிகளோ நூறு பேருக்கான இடத்தில் 131 பேர்.

விதி எழுதியிருப்பது எங்கே உயிரைக் காக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். புதிதாக வரும் சிறைவாசியை மருத்துவர் விரைவில் பரிசோதித்து, உடம்பில் உள்ள காயங்களையும் தழும்புகளையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது அதே 1894 சட்டத்தின் 24ஆவது பிரிவு. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்த தந்தையையும் மகனையும் தமிழகம் மறந்திருக்காது. காவல் நிலையத்தில் நடந்ததை வெளியுலகுக்குச் சொல்லக்கூடிய முதல் சாட்சி சிறை வாசலில் உள்ள அந்தப் பதிவேடு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, "சட்டையைக் கழற்று, எங்கே அடிபட்டிருக்கிறது, யார் அடித்தது?" என்று கேட்பதும், நிலைமை மோசமென்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதும் சிறைப் பணியாளரின் கடமைகளிலேயே தலையாயது என்று நான் கருதுகிறேன்.

பலம் பிரயோகிப்பதற்கும் வரம்பு உண்டு. தற்காப்பு, தப்பியோடும் முயற்சி, சட்டப்படியான உத்தரவை எதிர்த்தல் ஆகிய நிலைகளில் மட்டும், தேவைக்கு மேல் போகாமல் பலத்தைப் பயன்படுத்தலாம், நடந்ததை உடனடியாக மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மண்டேலா விதிகளின் 82ஆவது விதி. 2024இல் வேலூரில் ஆயுள் தண்டனைச் சிறைவாசி ஒருவர் உயரதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டு, திருடியதாகச் சொல்லித் தாக்கப்பட்டார் என அவருடைய தாயார் உயர் நீதிமன்றத்தை நாட, சிபிசிஐடி வழக்குப் பதிவு செய்தது. உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். தன்னை வீட்டு வேலைக்கு அனுப்ப எவருக்கும் அதிகாரமில்லை என்பதைச் சிறைவாசியும், அவரை அழைத்துப்போகச் சொல்லப்படும் காவலரும் எழுத்தில் பார்த்திருக்கிறார்களா என்பதே என் கேள்வி.

ஆகவே நான் கேட்பது ஒன்றே. தமிழகத்தின் எல்லாச் சிறைகளிலும், கிளைச் சிறைகள் உட்பட, பார்வையாளர் கூடத்திலும் சிறைவாசிகளின் பிளாக்குகளிலும், சிறைப் பணியாளரைக் கட்டுப்படுத்தும் விதிகளைத் தமிழில், பிரிவு எண்ணோடு, பார்வையாளர் பலகையில் உள்ள அதே அளவு எழுத்தில் எழுதி மாட்ட வேண்டும். புகாரை யாரிடம் தருவது என்பதும் அதில் இருக்க வேண்டும். இது சலுகையன்று. அலுவலர்களின் அதிகாரங்களையும் கடமைகளையும், பணிக்கு அவர்கள் பயன்படுத்தும் விதிகளையும் ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4ஆவது பிரிவில் கட்டளையிடுகிறது. வெளியிடும் வழிகளில் அறிவிப்புப் பலகையையும் அந்தப் பிரிவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இக்கோரிக்கைக்குச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் விளக்கத்தைத் தங்கள் இதழ் கேட்டு வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். நான் காத்திருந்த கூடத்தில் பழைய பலகைக்கு வலப்புறம், குடிநீர்க் குழாய்க்கு மேலே, அதே அளவு பலகை மாட்டுவதற்குச் சுவர் காலியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்
(குடும்பத்தினரின் நலன் கருதிப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்)