கசகசா அரைத்துக் கொடுத்தவருக்கும் கைகொடுத்த அனைவருக்கும்

அன்பிற்குரிய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அம்மாவின் கடைசி வாரங்களை நீங்கள் எல்லோரும் உடனிருந்தே பார்த்தீர்கள். அவற்றை இங்கே மறுபடியும் எழுதப்போவதில்லை. இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர்கள், ஹங்கேரிய மொழியிலேயே இறுதி வழிபாட்டை நடத்தித் தந்த பாதிரியார், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டார், சவப்பெட்டிக்குத் தோள்கொடுத்த பழைய வாடிக்கையாளர்கள் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஹங்கேரிய உணவகங்கள் ஒரு காலத்தில் வரிசைகட்டி நின்ற டொராண்டோ புளோர் தெருவில் அம்மா நடத்திவந்த பேக்கரியைப் பிற்பாடு விலைக்கு வாங்கிய இளைஞர் அவர். பத்திரம் எழுதிப் பணம் கைமாறிய பிறகு அவருக்கும் எங்களுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. பெற்ற பிள்ளைகளான எங்களையே அம்மா அடையாளம் காணாதிருந்த ஒரு மாலையில், அந்த இளைஞர் கடையின் பழைய இரும்புக் கசகசா அரைவையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கட்டிலோரத்து மேசை விளிம்பில் அதைத் திருகிப் பொருத்தி, கசகசாவைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். மணம் எழுந்ததும் அம்மா கண் திறந்தார். விழுந்த மாவில் சிறிது எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “கொரகொரவென்று இருக்கிறது, திருகை இறுக்கு, இதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?” என்று ஹங்கேரிய மொழியில் அதட்டினார். அந்த மொழி தெரியாத அவர், விரல் அசைவிலேயே புரிந்துகொண்டு திருகை இறுக்கினார். அன்று மாலை முழுவதும் எங்கள் அம்மா முதலாளியாக இருந்தார்.

1956 நவம்பரில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்தபின் நாட்டைவிட்டு வெளியேறிய ஏறத்தாழ 2 லட்சம் பேரில் ஒருவராக, அவர்களில் கனடா ஏற்றுக்கொண்ட 37,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவராக வந்தவர் அம்மா. கணவரின் கையெழுத்து இல்லாமல் கடன் தர மாட்டோம் என்று ஒரு வங்கி திருப்பி அனுப்பியதால், சீட்டுப்போல் நண்பர்களிடம் சிறுகச் சிறுகத் திரட்டிக் கடை திறந்தார். நாங்கள் மாவு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினோம். கிறிஸ்துமஸுக்குக் கசகசா பெய்க்லி (பூரணம் வைத்துச் சுருட்டிச் சுடும் ஹங்கேரியப் பண்டம்) கேட்டு வரும் புதிய அகதிகளிடம் அவர் காசு கேட்டதில்லை, ஆனால் கணக்குப் புத்தகத்தில் எழுதாமலும் விட்டதில்லை. இது கருணையா, கறார்த்தனமா என்று எங்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு.

கடையை விற்றபோதும் அம்மா தம் செய்முறைக் குறிப்பேட்டை மட்டும் விற்கவில்லை. முதலில் மஞ்சள் கரு பூசிக் காயவிட்டு, பிறகு வெள்ளைக் கரு பூசினால்தான் பெய்க்லியின் மேல்புறம் பளிங்கின் கோடுகள்போல் வெடிக்கும் என்பது வரை அதில் இருக்கிறது. அளவெல்லாம் பத்து கிராம் கொண்ட ‘டெகா’வில். எங்கள் அண்ணன் அதை கிராமுக்கு மாற்றி, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். வரும் டிசம்பருக்குள் அது அந்த இளைஞரின் கையில் இருக்கும். அம்மா சம்மதித்திருக்க மாட்டார் என்பது தெரிந்தேதான் கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
மகள், குடும்பத்தினர் சார்பில்