பாய் விரித்த கதையைச் சொல்லு, மகள்

அன்பு மகளுக்கு,

"டீச்சர், நான் என்னத்தைப் பேசுற? பெரிசா ஒண்டும் செய்யலையே. வேற ஆரையாவது கேளுங்க."

நேற்றிரவு நீ அனுப்பிய குரல்பதிவை மூன்று தடவை கேட்டேன். பழைய மாணவர் ஒன்றுகூடலில் இருபது நிமிடம் பேச உன் பெயரைச் சொன்னது நான்தான். உன்னைப் போலவே சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்று எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

முப்பது வருடம் பள்ளிக்கூட மேடைகளுக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனையோ பேச்சுக் கேட்டுவிட்டேன். கனவு காணுங்கள், முயற்சியைக் கைவிடாதீர்கள் என்றவர்களுக்கு மனதாரக் கைதட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கும்போது, நாளைக்கு எதைச் செய்யச் சொன்னார் என்று யோசித்தால் பிடிபடாது.

இன்றுவரைக்கும் மறக்காத பேச்சு ஒன்று இருக்கிறது. 2004 மார்கழியில் கடல் வந்த பிறகு நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். நாலாம் நாள் ஒரு மனிதர் வந்து வாங்கில் ஏறி நின்றார். "கண்ணாடி தொலைச்சவங்க, கிளினிக் கொப்பி தொலைச்சவங்க இந்தப் பக்கம் வாங்க. பால்மா தேவையான தாய்மார் அந்தப் பக்கம். எழுதத் தெரிஞ்ச நாலு பேர் எனக்கு வேணும்." அவ்வளவுதான் பேசினார். சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்த நான் எழும்பிப் போய்ப் பேனை வாங்கினேன். அன்று பின்னேரம் வரைக்கும் பெயர் எழுதினேன். என் சொந்தத் துக்கத்தோடு எப்படி நடமாடுவது என்று எனக்குப் பிடிபட்டதும் அந்த வரிசையில்தான்.

விவேகானந்தரின் 1893ஆம் ஆண்டு சிக்காகோ உரையை நீ பேச்சுப் போட்டிக்குப் பாடமாக்கினாய், நினைவிருக்கிறதா? 1897 தையில் அவர் கொழும்பில் வந்திறங்கி யாழ்ப்பாணத்திலும் பேசிவிட்டுப் போனார். அதே வருடம் மே முதலாம் திகதி இராமகிருஷ்ண மிஷன் தொடங்கியது. அந்த மாதமே வங்காளத்து மகுலாவில் பஞ்சத்தில் வாடிய சனத்துக்கு, விவேகானந்தரின் சகோதரத் துறவியான அகண்டானந்தர் அரிசி கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு விபுலாநந்த அடிகளின் கையால் எங்கள் திருகோணமலைக்குப் பள்ளிக்கூடப் பணியாக வந்து சேர்ந்ததும் அந்த மிஷன்தான். சிக்காகோவை எல்லா மேடையிலும் சொல்கிறோம். மகுலாவைச் சொல்லி நான் எங்கேயும் கேட்டதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. இலங்கையில் ஆரியரத்ன என்ற ஆசிரியர் 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனத்தொளுவைக் கிராமத்துக்குச் சிரமதானத்துக்குக் கூட்டிப்போனதில்தான் சர்வோதயம் என்ற கிராம சேவை இயக்கம் பிறந்தது. அங்கே மண்வெட்டி பிடித்த பிள்ளைகளுக்கும் அன்று உன் வயதுகூட இருந்திராது.

இனி உன் விசயத்துக்கு வருகிறேன். 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, 2015இலிருந்தே தன் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கிய சம்பூரில், சனிக்கிழமை தோறும் போய்ப் படிப்பிக்கிறாய். கிண்ணியாவில் பாதைக்கு, அதுதான் ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் படகுக்கு, காத்துக் கிடந்த காலம் 2009இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. என்றாலும் உனக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. தொடங்கும்போது இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். வெள்ளாமை வெட்டுத் தொடங்கியதும் ஒன்பதாகிவிட்டது. "டீச்சர், இவங்களுக்குப் படிப்பில ஆசையில்லை" என்று என்னிடம் வந்து அழுதாய். அடுத்த கிழமை வகுப்பை வைத்துவிட்டு வீடு வீடாக நடந்தாய். தாய் தகப்பன் வயலுக்குப் போக, பெட்டைப் பிள்ளைகள் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு வாசலில் இருந்தார்கள். "அவங்களையும் தூக்கிக்கொண்டு வா" என்று சொல்லி, மண்டபத்துப் பின்பக்கத்தில் இரண்டு பாய் விரித்தாய். மூன்று கிழமையில் பதினேழு பேர். சின்னதுகள் பாயில் நித்திரை, அக்காமார் முன்னால் கணக்கு.

இதையா பெரிசா ஒன்றும் செய்யவில்லை என்கிறாய்?

இதைக் கேட்கிற ஒரு பிள்ளை அடுத்த சனிக்கிழமையே தன் ஊரில் செய்து பார்க்கலாம். காசு வேண்டாம், அனுமதிக் கடிதம் வேண்டாம். பாய் எங்கே வாங்கினாய், அழுகிற குழந்தையை யார் பார்த்தார்கள், தாய்மார் முதலில் என்ன சொல்லி மறுத்தார்கள், எல்லாவற்றையும் சொல்லு. ஆசையில்லை என்று நீ தவறாக நினைத்ததையும் ஒளிக்காமல் சொல்லு. பரிசளிப்பு விழாவில் தூணுக்குப் பின்னால் போய் நின்ற நீயே, மண்டபத்து மின்குமிழுக்காகக் கிராம சேவகரிடம் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்ததையும் விட்டுவிடாதே. சேவையால் மனிதர் வளர்வதைப் பற்றி அன்று எவரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அழகான தொடக்கம் தேடி இரவெல்லாம் முழித்திருக்காதே. "வணக்கம். என் வகுப்பில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள், ஒன்பதாகிவிட்டார்கள்" என்றே தொடங்கு.

ஒன்றுகூடல் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு. வரவுக் கொப்பியை மறக்காமல் கொண்டு வா. சின்னதுகளின் பெயர்களையும் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய் அல்லவா, மேடையில் அதை ஒருக்கால் வாசி. மதியச் சாப்பாடு என் வீட்டில்.

உன் டீச்சர்,
உப்புவெளி