நாக்குக்கு அடியில் அடிக்கிற நெஞ்சுவலி ஸ்ப்ரே பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கமுங்க. உங்கள் நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரேயை என் மாமனாருக்காக கோபிச்செட்டிபாளையத்தில் டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கினோம். மருந்தைக் குறை சொல்ல வரவில்லை, அதை எப்படி அடிப்பது என்று நீங்கள் சொல்லியிருக்கும் லட்சணத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மஞ்சளுக்குத் தண்ணி கட்டிவிட்டுப் பொழுதோட தோட்டத்து வீட்டுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். புதுப் பாட்டிலை எடுத்து அமுக்கினால் வெறும் காற்று. மறுபடி அமுக்கினால் மருந்து கன்னத்தில் அடிக்கிறது, ஏனென்றால் பாட்டிலின் வெள்ளை மூக்கில் மருந்து வருகிற துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பட்டப்பகலிலேயே தேட வேண்டும். அப்புறம் அவர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆஸ்துமாவுக்கு இழுப்பதைப் பார்த்த பழக்கத்தில், மூச்சை உள்ளே இழுக்கப் போனார். "மாமா, இழுக்காதீங்க, நாக்கை மேல தூக்குங்க!" என்று நான் கத்தின பிறகுதான் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது, நல்லவேளை.

முதல் தடவைக்கு முன்னால் மருந்து வரும்வரை காற்றில் சில முறை அமுக்கிப் பார்க்க வேண்டுமாம், ரொம்ப நாள் எடுக்காமல் வைத்திருந்தாலும் அப்படித்தானாம். இது உங்கள் சீட்டின் நாலாவது மடிப்பில் இருக்கிறது, எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷில். தோட்டத்துக்கு வாங்குகிற பூச்சிமருந்து டப்பாவுக்குள்கூடத் தமிழில் சீட்டு இருக்கிறதுங்க! செடிக்கு அடிப்பதற்குச் சொல்லத் தெரிகிறது, மனுசன் வாயில் அடிப்பதற்குத் தெரியாதா?

நாக்குக்கு அடியில் தோல் மெல்லிசு, ரத்த நாளம் நிறைய, அதனால் மருந்து நேராக ரத்தத்தில் கலந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை செய்கிறது, விழுங்கிவிட்டாலோ பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும் என்று எங்கள் டாக்டர் விளக்கினார். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், உட்கார்ந்துதான் அடிக்க வேண்டும், அடித்ததும் வாய் கொப்புளிக்கக் கூடாது, 5 நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-க்குக் கூப்பிட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். உங்கள் உதவி எண்ணில் கேட்டால் "லீஃப்லெட்ல எல்லாம் இருக்கு மேடம்" என்று வைத்துவிட்டார்கள். வலி வந்தவர் கண்ணாடியைத் தேடி எடுத்து அதையெல்லாம் படித்துக்கொண்டா இருப்பார்?

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பெட்டியின் மேலேயே படத்தோடு தமிழில் போடுங்கள், துளை இருக்கும் பக்கத்தில் இருட்டில் விரலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒரு மேடு வையுங்கள். இதற்கு எத்தனை பைசா கூடுதலாக ஆகிவிடும்?

பேட்ச் எண் தெரிகிற படத்தையும் பில்லையும் இணைத்திருக்கிறேன். இந்த மாசத்துக்குள் பதில் வராவிட்டால் இதே கடிதம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போகும். பதிலைத் தமிழில் அனுப்புங்கள், மாமாவும் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோபி பக்கத்து வாடிக்கையாளர்