வாஷிங் மெஷின் மூடியும் 20 லட்சம் கோடி வானும்: சாம்சங் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

சாம்சங் எலக்ட்ரானிக்ஸ் தலைவர் திரு. லீ ஜே-யோங் அவர்களுக்கும் இயக்குநர் குழுவினருக்கும்,

வணக்கம். காஞ்சிபுரத்தில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். உங்கள் சரக்கும் விற்கிறேன், உங்கள் போட்டியாளர்கள் சரக்கும் விற்கிறேன். வாஷிங் மெஷின் வாங்க வருகிறவர்களிடம் நாங்கள் மோட்டார், வாரண்டி, தவணை என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்போம். கூட வந்திருக்கும் அம்மா அதையெல்லாம் காதில் வாங்கமாட்டார். மூடியைத் திறப்பார், பாதி வழியில் கையை எடுத்துவிடுவார். டப்பென்று விழுந்தால் அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிடுவார். மெதுவாக இறங்கினால்தான் விலை கேட்பார்.

உங்கள் நிறுவனத்தின் சரித்திரத்திலும் ஒரு மூடி உண்டு. 1993-ல் உங்கள் தந்தை லீ குன்-ஹீ தலைவராக இருந்தபோது, நிறுவனத்தின் உள் ஒளிபரப்புக்காக ஆலைக்குள் ஒரு வீடியோ எடுத்தார்கள். வாஷிங் மெஷின் மூடி அளவுக்குப் பொருந்தவில்லை. தொழிலாளர்கள் கத்தியால் பிளாஸ்டிக்கைச் சீவிப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அச்சைச் சரிசெய்யாமல், சீவிச் சீவியே மெஷின் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கொதித்துப்போனவர், ஜூன் 7-ம் தேதி பிராங்பர்ட்டில் நிர்வாகிகளைக் கூட்டி, “மனைவி மக்களைத் தவிர எல்லாவற்றையும் மாற்றுங்கள்” என்றார். 1995 மார்ச்சில் தென்கொரியாவின் குமி நகர ஆலை மைதானத்தில் சுமார் ஒன்றரை லட்சம் போன்களையும் மற்ற கருவிகளையும் குவித்து, ஊழியர்கள் கண்முன்னே உடைத்துத் தீ வைத்தார்கள்.

சாம்சங் கதை சொல்கிறவர்கள் எல்லாரும் அந்தத் தீயைத்தான் சொல்கிறார்கள். எனக்கு வீடியோதான் பெரிதாகத் தெரிகிறது. கீழே நடந்த தப்பு, நடுவில் யாரும் பூசி மெழுகாமல், அப்படியே மேலே இருப்பவர் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வழி இப்போதும் திறந்திருக்கிறதா என்று கேட்கத்தான் இந்த மடல்.

நினைவகச் சில்லு, திரை, போன், டிவி, ஃபிரிட்ஜ் என்று எல்லாம் ஒரே கூரைக்கு அடியில் வைத்திருப்பதுதான் உங்கள் பலம். போனில் ஆப்பிளோடு மல்லுக்கட்டிக்கொண்டே அதே ஆப்பிளுக்குத் திரையும் விற்கிறீர்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். 2023-ல் சில்லுப் பிரிவு சுமார் 14.9 லட்சம் கோடி வான் (உங்கள் நாட்டுப் பணம்) நஷ்டப்பட்டபோது, நிறுவனம் மொத்தமாக லாபத்தில்தான் நின்றது. கூட்டுக் குடும்பத்தின் வசதி அது. சம்பாதிக்கிற அண்ணன் இருக்கும்வரை தம்பியின் இருமலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதும் அதே வசதிதான்.

எச்.பி.எம். விஷயத்தில் அதுதான் நடந்தது என்பது என் கணிப்பு. கணினியும் போனும் வேலை செய்யும்போது தரவை வைத்துக்கொள்ளும் டிராம் நினைவகச் சில்லுகளை எட்டு, பன்னிரண்டு என்று மாடி மாடியாக அடுக்கி, நுண்துளைகள் வழியாக இணைத்து, கணக்கிடும் சில்லான செயலிக்கு ஒட்டினாற்போல் வைக்கிற நினைவகம் அது. உங்கள் கொரியப் போட்டியாளர் எஸ்கே ஹைனிக்ஸ் அதை 2013-லேயே செய்துவிட்டது. அன்றைக்கு அதை வாங்க ஆள் குறைவு. செயற்கை நுண்ணறிவு அலை எழுந்து, அதற்கான செயலிகளை விற்கும் என்விடியா கேட்க ஆரம்பித்தபோது அவர்கள் கையில் சரக்கு தயாராக இருந்தது. நீங்களோ என்விடியாவின் சோதனையில் தேறுவதற்கே நெடுநாள் நின்றீர்கள். 2024-ல் ஹைனிக்ஸின் செயல்பாட்டு லாபம் சுமார் 23.5 லட்சம் கோடி வான். உங்கள் மொத்தச் சில்லுப் பிரிவுக்கும் 15.1 லட்சம் கோடி. 1992-லிருந்து டிராமில் நீங்கள் உட்கார்ந்திருந்த முதல் நாற்காலி, கவுன்டர்பாயின்ட் என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2025-ன் முதல் காலாண்டில் கைமாறியது. சில்லுப் பிரிவுத் தலைவர் ஜுன் யோங்-ஹியுன் 2024 அக்டோபரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசுதான். ஆனால் உங்கள் பொறியாளர்களில் ஒருவருக்காவது இது பல வருஷம் முன்பே தெரியாமலா இருந்திருக்கும்? அவர் சொன்னது எந்த மேஜையில் நின்றுபோனது?

அப்புறம், கேலக்ஸி எஸ்25 வரிசை முழுக்க அமெரிக்க நிறுவனமான குவால்காமின் செயலி. நீங்களே செய்யும் எக்ஸினாஸ் செயலியை உங்கள் போனே எடுத்துக்கொள்ளவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. “சரியில்லை, வேண்டாம்” என்று வீட்டுக்குள்ளேயே முகத்துக்கு நேராகச் சொல்ல முடிந்திருக்கிறதே, அது நல்ல பழக்கம்.

இனி எங்கள் பக்கத்து விஷயம். சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் உங்கள் ஆலை ஓடுகிறது. டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அங்கே ஆகிறது. 2024 செப்டம்பர் 9-ம் தேதி அங்கே தொழிலாளர்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், 37 நாள். சம்பளம், வேலை நேரம் எல்லாம் கேட்டார்கள் என்றாலும், இழுபறியின் மையம் சங்கத்துக்கு அங்கீகாரம். தமிழக அமைச்சர்கள் நடுவில் பேசித்தான் முடிந்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்.

நான் சங்கத்துக்காரன் இல்லை. கடையில் அந்தச் சொல்லைச் சொன்னாலே முதலாளி முகம் மாறிவிடும். ஆனால் 2020 மே மாதம் நீங்களே தொலைக்காட்சி கேமராக்கள் முன் தலைகுனிந்து, இனி ‘சங்கமில்லா நிர்வாகம்’ என்ற பேச்சே சாம்சங்கில் இருக்காது என்றீர்கள். அந்த வாக்கு உங்கள் தலைமையகம் இருக்கும் சுவோனிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்கு வந்துசேர நாலு வருஷம் போதவில்லையா? கேட்டால் உள்ளூர் நிர்வாகம் என்பீர்கள். மேலிருந்து போன நல்ல சொல்லே வழியில் தொலைந்தால், கீழிருந்து வருகிற கெட்ட செய்தியின் கதி என்ன? மூடி பொருந்தாததை முதலில் பார்ப்பது வரிசையில் நிற்கிறவர்தான். வேலை போகுமோ என்ற பயம் இருந்தால் அவர் வாயைத் திறக்கமாட்டார், கத்தியை எடுத்துச் சீவிவிடுவார். சங்கத்தைச் செலவுக் கணக்கில் எழுதுகிற உங்கள் ஆட்கள், தரக் கணக்கிலும் ஒரு வரி எழுதிப் பார்க்கட்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. நினைவக விலை ஏறி, 2025-ன் கடைசிக் காலாண்டில் மட்டும் சுமார் 20 லட்சம் கோடி வான் செயல்பாட்டு லாபம் பார்த்துவிட்டீர்கள். சந்தோஷம். ஆனால் அதே விலையேற்றம் உங்கள் போன் பிரிவுக்குச் செலவு. சீனாவில் 2013 வாக்கில் ஐந்தில் ஒரு போன் உங்களுடையதாக இருந்து, ஆறே வருஷத்தில் நூற்றில் ஒன்றுக்கும் கீழே போனது. அந்தச் சறுக்கலின் நடுவே 2017-லும் 2018-லும் நினைவகச் சில்லு லாபம் கொட்டியது. அண்ணன் மறுபடி சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். தம்பி இருமினால் கேட்குமா?

நான் கேட்பது ஒன்றுதான். 1993-ல் போல உள் ஒளிபரப்புக் கேமராவை ஒருமுறை ஆலைக்குள் அனுப்புங்கள். ஹ்வாசோங் சில்லுக் கூடத்துக்கும், சுங்குவார்சத்திரம் வாஷிங் மெஷின் வரிசைக்கும். முன்கூட்டிச் சொல்லாமல். எடுத்ததை மக்கள் தொடர்புத் துறை வெட்டி ஒட்டாமல் உங்கள் அறைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஓடினால் போதும்.

இப்படிக்கு,
காஞ்சிபுரம் கடை ஊழியர் ஒருவர்