முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டாயே

பூம்பாறை,
ஞாயிறு இரவு

அம்மாடி,

போனில் நீ கேட்கும்போதெல்லாம் “பரவாயில்லை” என்று சொல்லி வைத்துவிடுகிறேன். பக்கத்தில் அப்பா இருப்பார், நீயும் வேலை அவசரத்தில் இருப்பாய். நேற்றோடு பூண்டு ஊன்றி முடிந்தது. இன்று நேரம் இருக்கிறது, உள்ளபடி எழுதுகிறேன்.

நீ கொடைக்கானலில் பணம் கட்டிய ஆறு மசாஜுக்கும் போய் வந்துவிட்டேன். ஆனால் முதல் இரண்டு வாரம் போகவே இல்லை. போனதாக உன்னிடம் சொன்னது பொய். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று சொல்வார்கள் இல்லையா, போன வருஷம் அப்படி ஒருவரிடம் போய்க் குப்புறப் படுத்தேன். மிதித்ததில் நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. அதையும் உன்னிடம் மறைத்தேன். அந்தப் பயம் ஒன்று. முதுகைத் திறந்து ஒருத்தி முன்னால் படுக்க வேண்டுமே என்ற கூச்சம் இன்னொன்று.

மசாஜ் செய்கிற பெண் பாலக்காட்டுக்காரி, உன் வயசுதான் இருக்கும். கை வைப்பதற்கு முன்னால் நிறையக் கேட்டாள். கால் மரத்துப் போகிறதா, காலில் பலம் குறைகிறதா, சிறுநீர் போவதில் தடுமாற்றம் உண்டா, காய்ச்சல் வருகிறதா, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேனா என்று. எதற்காவது ஆமாம் என்றால் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றாள். மிதித்தவர் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

எண்ணெயைச் சூடாக்கி, முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்த சதையை மெதுவாக நீவினாள். “அம்மா, வலித்தால் சொல்லுங்க” என்று அடிக்கடி கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வலியால் இல்லை. உன்னைப் பெற்ற பிறகு உன் அம்மாச்சி வெந்நீர் ஊற்றி முதுகு தேய்த்துவிட்டாள். அதற்கப்புறம் என் முதுகை யாரும் தொட்டதே இல்லை. படுத்திருக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

அன்று ராத்திரி புரளாமல் தூங்கினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, மூன்றாம் நாள் வலி திரும்ப வந்தது. கடைசித் தடவைக்கு அப்புறம் நாலு நாள் தாங்குகிறது. எட்டு வருஷத்து வலி போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் போகவில்லை. எலும்பை நகர்த்தி வைக்கிறாயா என்று அவளிடமே கேட்டேன். இல்லையாம். இறுகிய சதை தளர்கிறது, பயந்து விறைத்துக் கிடக்கும் உடம்பு கொஞ்சம் அடங்குகிறது, அவ்வளவுதானாம். அந்த இரண்டு மூன்று நாளில் படுத்துக் கிடக்காமல் நடங்கள், குனிந்து நிமிருங்கள் என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏரிப் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்ப்பவரும் இதையேதான் சொன்னார். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி, அதற்குப் படுக்கை மருந்தில்லை என்றார். நீ வாங்கி அனுப்பிய பெல்ட்டையும் கழற்றச் சொன்னார். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறதாம். அதில் உடற்பயிற்சியும் மசாஜும் இருக்கின்றன, இடுப்பு பெல்ட்டும் முதுகை இழுத்து வைக்கிற வைத்தியமும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறதாம். அவர் சொல்லிக் கொடுத்த நாலு பயிற்சியைக் காலையில் பாயிலேயே செய்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், சென்னைக்கு வந்து உன் வீட்டுக் கட்டிலில் ஓய்வெடுக்கச் சொல்லாதே. நீயும் மாப்பிள்ளையும் பாசத்தில்தான் கூப்பிடுகிறீர்கள், எனக்குத் தெரியும். அங்கே வந்து அசையாமல் கிடந்தால் இந்த முதுகு மரக்கட்டையாகிவிடும். காட்டு வேலையை விடவில்லை, செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் பூண்டை ஒவ்வொரு பல்லாக ஊன்ற மணிக்கணக்கில் குனிந்தே நிற்பேன். இந்தத் தடவை சின்ன மணை போட்டு உட்கார்ந்து ஊன்றினேன். ஒரு பாத்தி முடிந்ததும் எழுந்து நின்று, கையை இடுப்பில் வைத்துப் பின்னால் சாய்ந்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போனேன். மூட்டையை அரை மூட்டையாகப் பிரித்துத் தூக்கினோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அவரே பிரித்துக் கட்டினார்.

இன்னும் ஆறு தடவைக்குப் பணம் கட்டாதே. மாதம் ஒரு தடவை போகிறேன், பூண்டுக் காசிலேயே கொடுத்துக்கொள்கிறேன். நீயும் நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி என்கிறாய். மசாஜுக்குப் போகிறாயோ இல்லையோ, மணிக்கு ஒரு தடவை எழுந்து நட.

இன்னொன்று. போன தடவை வந்தபோது பாப்பா கையை நீட்டினாள், நான் தூக்காமல் உட்கார்ந்திருந்தேன். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். தூக்கினால் எழுந்திருக்க முடியாதோ என்ற பயம், வேறொன்றும் இல்லை. இந்தப் பொங்கலுக்கு வாருங்கள். உட்கார்ந்தபடி அவளை மடியில் ஏற்றி, மெதுவாக எழுந்து பார்க்கிறேன்.

பரணில் இருக்கும் பழைய பூண்டில் உனக்கு ஒரு பை எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா