தலைக்கு மேல் தொங்கிய சாமியானா

மதுரை,
ஜூன் 8

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மா மூட்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. மாடிப்படி மட்டும் இப்போதைக்கு ஏறவிடாதே. ஏறுவேன் என்று அடம்பிடிப்பார்கள், எனக்குத் தெரியும். இங்கே சின்னவள் செமஸ்டர் முடித்துவிட்டு வந்து பகல் முழுக்கத் தூங்குகிறாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

காரின் உள்கூரைத் துணி தொங்கி உன் தலையில் உரசுகிறது, சீட் கவர் கடையில் எட்டாயிரம் கேட்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கடைசியில் இரண்டு வரி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீளக் கடிதம். அந்தத் துணியோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவனிடம்தான் நீ கேட்டிருக்கிறாய்.

என் வண்டிக்குப் பதினாறு வயது. வீட்டில் ஷெட் கிடையாது, ஆபீஸிலும் மொட்டை வெயிலில்தான் நிற்கும். முதலில் பின்கண்ணாடி ஓரமாக ஒரு கை நுழையும் அளவுக்குத் துணி விட்டது. அடுத்த கத்திரி முடிவதற்குள் மழைத்தண்ணீர் தேங்கிய சாமியானா மாதிரி நடுவில் தொப்பை போட்டுவிட்டது. ஜன்னலை இறக்கினால் படபடவென்று அடிக்கும். ரியர்வியூ கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வரும் லாரி தெரியாது, துணிதான் தெரியும்.

அறிவாளித்தனமாக ஒரு சிரிஞ்சில் தச்சுவேலைக்கான வெள்ளைப் பசையை உறிஞ்சி, துணிக்கு மேலே பீய்ச்சிப் பார்த்தேன். நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் மதியம் மறுபடி தொப்பை. கூடவே பசை ஊறிய இடமெல்லாம் காய்ந்த கஞ்சி மாதிரி விறைத்து, வட்ட வட்டமாகக் கறை. அப்புறம் குண்டூசி. ஐம்பது அறுபது ஊசியைக் குத்திவைத்தேன், தூரத்திலிருந்து பார்க்க அழகாகக்கூட இருந்தது. ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தபோது இரண்டு ஊசி மச்சான் மடியில் விழுந்தது. அன்றோடு ஊசி வைத்தியம் முடிந்தது.

கடைசியில் ஒரு முகூர்த்த நாளில்தான் ரோஷம் வந்தது. மண்டபத்து வாசலில் இறங்கிப் பார்த்தால் வீட்டுக்காரியின் பட்டுப்புடவைத் தோளில் மஞ்சள் தூள் கொட்டியிருக்கிறது. தட்டினால் போகவில்லை, பிசுபிசுவென்று அப்பிக்கொள்கிறது. பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை.

அந்தத் தூள்தான் விஷயமே. நானும் உன்னைப் போல பசை விட்டுவிட்டது என்றே நினைத்திருந்தேன். கூரையில் மூன்று அடுக்கு இருக்கிறது. தகரத்துக்கு அடியில் அச்சில் அழுத்திய அட்டை ஒன்று, அதில் ஒட்டிய மூன்று மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச், அதற்கு அடியில் நம் கண்ணுக்குத் தெரியும் துணி. துணியும் ஸ்பாஞ்சும் ஒன்றாக ஒட்டியே வருகிறவை. அந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன். வெயிலும் ஈரக்காற்றும் வருடக்கணக்கில் தின்றால் உளுத்த மரம் மாதிரி பொடியாகிவிடும். துணி நன்றாகத்தான் இருக்கும், அட்டையும் நன்றாகத்தான் இருக்கும், நடுவில் பிடித்துக்கொண்டிருந்தவன் செத்திருப்பான். நீ என்ன உசத்தியான பசையை அடித்தாலும் அது பொடியில்தான் ஒட்டும். கோலமாவின் மேல் ஸ்டிக்கர் பொட்டு வைத்தால் நிற்குமா? அட்டையைக் கழற்றி வெளியே எடுக்காமல் செய்கிற எந்த வேலையும் காசுக்குத் தண்டம்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் நானும் மச்சானும் உட்கார்ந்தோம். சன் வைசர், கைப்பிடிகள், உள்லைட், சட்டை மாட்டும் கொக்கி, முன்கண்ணாடி ஓரத் தூண்களின் பிளாஸ்டிக், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் எல்லாம் வர வேண்டும். கைப்பிடி ஸ்க்ரூக்கள் சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும், தெரியாமல் இழுத்துவிடாதே. நெம்புவதற்கு நான் தோசைத்திருப்பியில் துணி சுற்றிக்கொண்டேன், கிளிப் நாலு உடைந்ததற்கு அதுதான் காரணம். கழற்றிய ஸ்க்ரூவை எதற்கு எது என்று தனித்தனிக் கிண்ணத்தில் போடு. நான் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டேன். இன்றைக்கும் ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது, வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு முன் சீட்டை முழுக்கச் சாய்த்து, முன்கதவு வழியாக அட்டையை எடுக்க வேண்டியிருந்தது. உன்னுடையது ஹேட்ச்பேக், டிக்கி வழியாக வந்துவிடும். எப்படியானாலும் இரண்டு பேர் வேண்டும். நடுவில் மடங்கினால் அட்டையில் ஆயுசுக்கும் கோடு விழுந்துவிடும்.

துணி வாழைப்பட்டை உரிகிற மாதிரி ஒரே இழுப்பில் வந்துவிட்டது. பொடிதான் உயிரை எடுத்தது. அட்டையை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், துணி துவைக்கிற பிரஷால் இரண்டு மணி நேரம் தேய்த்தோம். மாஸ்க் கட்டியும் மூக்கிலும் தலைமுடியிலும் மஞ்சள். பழனிக்குப் போய்வந்த இரண்டு பேர் மாதிரி இருந்தோம். அட்டைக்குள் கண்ணாடி நார் இருந்ததால் இரண்டு நாள் கை அரித்தது, நீ முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். அவசரப்பட்டு அழுத்தினால் அட்டையே பிய்ந்து வரும், எனக்கு உள்ளங்கை அளவு பிய்ந்தது. தண்ணீர் மட்டும் விடவே கூடாது.

புதுத்துணி ஸ்பாஞ்ச் வைத்ததாகவே கேட்டு வாங்கு. வெறும் துணி மலிவு என்று வாங்கினால் அட்டையின் மேடுபள்ளம் அத்தனையும் தெரியும், பசையும் முகப்புக்கு ஊறி வந்துவிடும். பசைக்குக் கடைக்காரர் ஃபெவிகால் எஸ்ஆர் 998 கொடுத்தார், நம்மூர்க் குஷன் கடைக்காரர்கள் சொல்யூஷன் என்பார்களே, அந்த ரப்பர் வகை. வாடை மண்டையைப் பிளக்கும். நெருப்புப் பிடிக்கிற சமாச்சாரம் என்பதால் காற்றோட்டமான இடத்தில்தான் வேலை. மச்சானின் சிகரெட்டை முதலிலேயே பிடுங்கி வைத்துவிட்டேன்.

ஒட்டுகிற விதம்தான் முக்கியம். துணியை அட்டையின் மேல் விரித்து, பாதியை மடித்துப் போட்டுக்கொள். தெரிகிற பாதி அட்டையிலும் துணியின் ஸ்பாஞ்ச் பக்கத்திலும் மெல்லிசாகப் பூசு. உடனே ஒட்டாதே. பத்து நிமிடம் போல விட்டு விரலை வைத்துப் பார், விரலில் பசை வரக்கூடாது. அப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போ. தொட்டால் பிடித்தது பிடித்ததுதான், பிரித்து ஒட்டலாம் என்றால் ஸ்பாஞ்ச் கிழியும். லைட் பள்ளம், வைசர் பள்ளம் வரும் இடங்களில் துணியை இழுத்துப் பிடிக்காதே, கொஞ்சம் தளர்வாக விட்டு விரலால் பள்ளத்துக்குள் முதலில் உட்காரவை. இழுத்து ஒட்டினால் வெயிலில் அங்கிருந்துதான் மறுபடி கிளம்பும். பாதி முடிந்ததும் அடுத்த பாதி. ஓரத்தில் நாலு விரல் அகலம் விட்டு வெட்டி, பின்பக்கமாக மடித்து ஒட்டினோம். இரவு முழுக்க அட்டையை வீட்டுக்குள் வைத்துவிட்டு, திங்கள்கிழமை காலையில் மாட்டினோம்.

துணி இரண்டரை மீட்டர் 1,050 ரூபாய், சொல்யூஷன் ஒரு லிட்டர் 480, பிரஷ், மாஸ்க், பிளேடு எல்லாம் 150, உடைந்த கிளிப்புகளுக்கு 80. மொத்தம் 1,760. மச்சானுக்குப் பிரியாணி தனிக்கணக்கு. உள்லைட் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குச் சுருக்கம் விழுந்துவிட்டது. யார் கண்ணிலும் படவில்லை, வீட்டுக்காரி மட்டும் ஏறி உட்கார்ந்த அரை நிமிடத்தில் கண்டுபிடித்தாள். இந்த வருடக் கத்திரியைத் துணி தாண்டிவிட்டது.

ஒன்றை மறக்காமல் பார். உன் வண்டி என்னுடையதைவிடப் புதிது. கதவுக்கு மேலேயோ தூண் பிளாஸ்டிக்கிலோ ஏர்பேக் என்று எழுதியிருந்தால் கூரை ஓரத்துக்குள் அந்தப் பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியிருந்தால் நீ கை வைக்காதே. கழற்றி மாட்டுவதை மட்டும் விவரம் தெரிந்த ஆளிடம் கொடுத்துவிட்டு, அட்டையை வீட்டுக்கு வாங்கிவந்து துணியை நாம் ஒட்டிக்கொள்ளலாம். அப்போதும் எட்டாயிரம் ஆகாது.

கோவையில் இப்போது சாரல் இருக்கும், ஈரக்காற்றில் சொல்யூஷன் சரியாகப் பிடிக்காது. ஆடிப்பெருக்கை ஒட்டி அம்மாவைப் பார்க்க வரலாம் என்றிருக்கிறோம். நல்ல வெயில் நாளாக அமைந்தால் அட்டையின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன். அதுவரை சிரிஞ்ச் பக்கம் போகாமல் இரு. லேசான சாம்பல் நிறத்தில் துணி மட்டும் வாங்கிவை. சொல்யூஷனும் நீதான் வாங்க வேண்டும். என் டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறதே, கொண்டுவரலாம் என்று நேற்று திறந்தேன். கல்லாகிக் கிடக்கிறது.

உன்,
மாப்ளே