மணிவிழாவுக்கு நீ வாங்க நினைக்கும் காசு

கும்பகோணம்

அன்புள்ள மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். என் மணிவிழாவுக்காக ஹவாய் அரசின் 1883ஆம் ஆண்டு வெள்ளி டாலரை வாங்கலாமா என்று கேட்டு, நீ அனுப்பிய படத்தைப் பலமுறை உற்றுப் பார்த்தேன். உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காசை வாங்க வேண்டாம். நூற்று நாற்பது ஆண்டுப் பழமையுள்ள வெள்ளி அப்படி வெள்ளைவெளேர் என்று மின்னுகிறதென்றால், யாரோ அதைத் தேய்த்திருக்கிறார்கள்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். நீ பள்ளியில் படித்தபோது, ஒரு கண்காட்சியில் அதே அரசின் அரை டாலரான ஹாபலூவா ஒன்றை வாங்கினேன். கறுத்திருந்த அதை, அம்மா பூசைச் சாமான் துலக்க வைத்திருந்த விபூதியாலேயே ஓர் இரவு தேய்த்துவிட்டேன். மறுநாள் வெயிலில் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, அரசர் கலாகவுவாவின் கன்னத்திலும் அடர்ந்த கிருதாவிலும் மயிரிழை போன்ற கீறல்கள் நிறைந்திருந்தன. அந்தக் கறுப்புதான் காசின் வயது என்பது அதன்பிறகே எனக்கு உறைத்தது. போன மேற்பரப்பு திரும்பி வராது.

ஒரு மில்லியன் டாலர் மதிப்புக்கு அச்சான அந்தக் காசுகள் பிறந்தது நீ இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில்தான். சர்க்கரைப் பெருவணிகர் கிளாஸ் ஸ்பிரெக்கல்ஸ் அவற்றை அச்சிட ஏற்பாடு செய்து, கைம்மாறாக ஹவாய் அரசின் கடன்பத்திரங்களைப் பெற்றார். காசிலிருந்த வெள்ளியின் விலை முகமதிப்பைவிடக் குறைவு என்பதால், அந்த இடைவெளியும் அவருக்கே லாபமாயிற்று. அரசருடைய முகத்தை வைத்து ஒரு வணிகர் பணம் பார்த்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. 1881இல் உலகைச் சுற்றியபோது கல்கத்தாவுக்கும் வந்து சென்றவர் அந்த அரசர்.

பத்தே ஆண்டுகளில், 1893இல், முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898இல் தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டது. பிறகு இந்தக் காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். ஐந்து லட்சம் டாலர் காசுகளில் ஏறக்குறைய 46,000தான் தப்பின. கால் டாலரான ஹாபஹாவில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சியதால், அது இன்றும் நம் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. எனக்கு அதுவே போதும். கடைத்தெருவில் கைமாறித் தேய்ந்து, சாம்பல் நிறம் படிந்த ஒன்றாக, ஆனால் யாரும் துலக்காததாகப் பார்.

வாங்குமுன் விளிம்பையும் பின்புறத்தையும் நன்றாகக் கவனி. ஆட்சி போனபின் பலர் இக்காசுகளை ஊசி வைத்தும் வளையம் பற்றவைத்தும் நகையாக்கினார்கள். பற்று எடுக்கப்பட்ட இடத்தில் நிறம் மாறி, சிறு மேடு தட்டுப்படும். எடை 6.25 கிராமுக்கு அருகில் இருக்க வேண்டும். தேய்ந்த காசில் சற்றுக் குறையலாம். ஆண்டு எண்ணையும் லென்ஸில் பார். 1383 என்று தவறாக வெட்டிய அச்சை 1883 எனத் திருத்திய ஹாபஹாக்கள் உண்டு; அகப்பட்டால் எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

பின்புறத்தில் கேடயத்தைச் சுற்றியுள்ள ஹவாய் மொழி வாசகத்தையும் படித்துப் பார். நாட்டின் உயிர் அறத்தால் நிலைத்திருக்கிறது என்பது அதன் பொருள். "போனோ" என்ற அவர்களுடைய சொல்லுக்கு நம் "அறம்" இவ்வளவு பொருந்துவதைக் கண்டு, அந்த ஹாபலூவாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்தாம் தெருவும் மிஷன் தெருவும் சேரும் இடத்தில் பழைய நாணயச்சாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஒரு நாள் அதன் படிக்கட்டில் நின்று எனக்காக ஒரு படம் எடுத்து அனுப்பு. காசைத் தபாலில் அனுப்ப வேண்டாம்; துணியாலும் துடைக்காமல், விளிம்பை மட்டும் பிடித்து உறையிலிட்டு, நீ ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவா.

அன்புடன்,
அப்பா